கடல் கடந்த மெட்டுகள்

நுழையும்முன்

ஊர் விட்டு ஊர் செல்வோர் பெட்டியில் சுமந்து செல்வன சில. நாவிலும் செவியிலும் சுமந்து செல்வன சில. பெட்டியில் உள்ளவை காலப்போக்கில் தேய்ந்துபோகும். நாவில் உள்ள மொழியும் செவியில் உள்ள இசையும் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேருமா? புலம்பெயர்ந்தோர் அனைவருக்கும் உரிய வினா இது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் மெட்டுகள் கடல் கடந்த வரலாற்றையும், அம்மெட்டுகளைச் செவிமடுத்த தமிழ்நாட்டு உடன்பிறந்தார் இருவரின் வரலாற்றையும் கொண்டு அவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

1. மட்டாஞ்சேரியின் ஓசைகள்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதி, கடல் வழியே வந்தவர்களால் வளர்ந்த ஊர். போர்ச்சுகீசியர் 1555ஆம் ஆண்டில் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனை இங்கே உள்ளது. பின்னர் டச்சுக்காரர் அதனைச் செப்பனிட்டமையால் அது டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றுவிட்டது. அதன் அருகில் 1568ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம் நிற்கிறது. கொங்கணியரின் திருமலைக் கோயிலும், குஜராத்தி வணிகரின் தெருக்களும், மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்துள்ளன. அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் இடத்தில், பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் தம் தொழிலைச் செய்துவருகின்றன. இத்தகைய ஊரில் ஒரே தெருவில் மலையாளமும் தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் கேட்பது வியப்பன்று.

மொழிகள் இவ்வாறு கலந்து வாழும் இடத்தில் இசையும் கலந்தே வாழும். கொச்சிக் கடலோரக் கிறித்தவ மக்கள் ஆடும் சவிட்டு நாடகம் இதற்குத் தக்க சான்று. போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் தோன்றிய இக்கலையில், சார்லமேன் என்னும் ஐரோப்பியப் பேரரசரின் கதை 'காறல்மான் சரிதம்' என்னும் பெயரில் நடிக்கப்படுகிறது. கதை ஐரோப்பாவுக்கு உரியது. உடைகளும் ஐரோப்பிய அரசர்களுக்கும் படைவீரர்களுக்கும் உரியவை. ஆயினும், பாடல்களின் மொழியில் தமிழே மிகுதி! ஆட்டம் பயிற்றும் ஆசிரியரை 'அண்ணாவி' என்று அழைப்பர். 'சவிட்டு' என்றால் மிதித்தல் என்பது பொருள். குமரி மாவட்டத் தமிழிலும் இச்சொல் வழங்குகிறது. மரப்பலகை மேடையைக் காலால் ஓங்கி மிதிக்கும் ஓசையே இக்கலைக்குத் தாளம்.

மரத்தளத்தைக் காலால் தட்டித் தாளம் எழுப்பும் ஆட்டம் உலகின் மற்றொரு மூலையிலும் உண்டு. கடினமான அடிப்பாகம் கொண்ட காலணி அணிந்து அயர்லாந்து மக்கள் ஆடும் ஆட்டமே அது. அந்த ஆட்டத்திற்கு வாசிக்கப்படும் இசையைக் 'கெல்டிக் இசை' என்னும் பொதுப்பெயரால் உலகம் அறிகிறது.

2. கெல்டிக் இசை

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், மான் தீவு, பிரான்ஸ் நாட்டின் பிரித்தானி ஆகிய ஆறு நிலப்பகுதிகளுக்கும் உரிய பழைய மொழிகள் கெல்டிக் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அம்மக்களின் மரபிசையே கெல்டிக் இசை எனப்படுகிறது. இவற்றுள் அயர்லாந்து இசையும் ஸ்காட்லாந்து இசையும் உலகெங்கும் பரவியவை.

இவ்விசையின் முதன்மைக் கருவி ஃபிடில். அது வேறொரு கருவி அன்று. நாம் வயலின் என்று அழைப்பதே அது. மேடைச் செவ்வியல் இசைக்கு வாசிக்கும்போது வயலின் என்றும், ஊராரின் ஆட்டத்திற்கு வாசிக்கும்போது ஃபிடில் என்றும் அழைப்பர். இதனுடன் ஆறு துளைகள் கொண்ட தகரக் குழலும், முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் பைக்குழலும், ஆட்டுத்தோல் போர்த்த போரான் என்னும் ஒருமுகப் பறையும், பல நரம்புகள் கொண்ட ஹார்ப்பும் இசைக்கப்படும். போரானைக் காணும் தமிழருக்குக் கஞ்சிராவும், ஹார்ப்பைக் காணும் தமிழருக்குச் சிலப்பதிகாரம் கூறும் யாழும் நினைவுக்கு வருதல் இயல்பு.

ஆட்ட மெட்டுகளுள் 'ரீல்', 'ஜிக்' என்னும் இரண்டு வகைகள் பெருவழக்கு. ரீல், நான்கு நான்காகத் துள்ளும் நடை உடையது. ஜிக், மும்மூன்றாகச் சுழலும் நடை உடையது. கருநாடக இசை பயில்வோர் முன்னதைச் சதுசிர நடைக்கும் பின்னதைத் திசிர நடைக்கும் ஒப்பிட்டு எளிதில் உணரலாம். பொதுவாக ஒரு மெட்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசித்து, மீண்டும் தொடக்கத்திற்கு வருவர். மெட்டின் எலும்புக்கூடு சிறியது. விரலால் சுரத்தை வெட்டியும் உருட்டியும் வாசிப்பவர் சேர்க்கும் அழகுகளே அதற்கு உயிர் தருவன. இவ்வழகுகளை ஏட்டில் முழுமையாக எழுத இயலாது. நம் இசையில் கமகத்தைக் குருவின் அருகிலிருந்து கேட்டே கற்பதுபோல, அவர்களும் மூத்தோர் வாசிக்கக் கேட்டே கற்றனர்.

ஃபிடிலுக்குத் துணையாகப் பெரிய குரல் கொண்ட செல்லோவைச் சேர்த்து இருவராக வாசிக்கும் வழக்கம் ஸ்காட்லாந்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. புகழ்பெற்ற ஃபிடில் கலைஞர் நீல் கௌ (1727–1807) ஆட்டக்கூடங்களில் வாசித்தபோது, அவருடைய உடன்பிறந்தார் டொனால்டு செல்லோ வாசித்தார். ஏறத்தாழ அதே காலத்தில், தமிழ்நாட்டிலும் உடன்பிறந்தார் இருவர் ஒரு புதிய இசையைக் கேட்கத் தொடங்கினர்.

3. கோட்டையில் கேட்ட இசை

திருவாரூரில் வாழ்ந்த இராமசாமி தீட்சிதர் சிறந்த இசைப்புலவர். அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் அவரே என்பர். அவருடைய மூத்த மகன் முத்துசாமி தீட்சிதர் 1775ஆம் ஆண்டிலும், இளைய மகன் பாலுசாமி தீட்சிதர் 1786ஆம் ஆண்டிலும் பிறந்தனர். பின்னர் அக்குடும்பம் சென்னைக்கு வடக்கே உள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தது. மணலிச் செல்வரான முத்துகிருஷ்ண முதலியார் அவர்களை ஆதரித்தார். அவருக்குப் பின் அவருடைய மகன் சின்னையா முதலியாரும் அவ்வாதரவைத் தொடர்ந்தார்.

முதலியார் குடும்பம் கிழக்கிந்தியக் கம்பெனியாருடன் தொடர்புடையது. அத்தொடர்பால், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் நிகழ்ந்த ஐரோப்பிய பாண்டு வாத்திய இசையைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் உடன்பிறந்தாருக்குக் கிடைத்தது. கம்பெனிப் படையில் இங்கிலாந்தினர் மட்டுமன்றி, அயர்லாந்து, ஸ்காட்லாந்து வீரர்களும் பலராக இருந்தனர். எனவே கோட்டையில் ஒலித்த இசையில் அவர்தம் ஊர்களின் ஆட்ட மெட்டுகளும் கலந்திருந்தன. ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்த அவ்வீரர்களுக்கு அம்மெட்டுகள் தம் ஊரின் குரலாக ஒலித்திருக்கும். கேட்டுக்கொண்டிருந்த தீட்சிதர்களுக்கோ அது முற்றிலும் புதிய இசை. சுரங்கள் அசையாமல் நேராக நின்றன. கமகம் இல்லை. இராக ஆலாபனை இல்லை. மெட்டோ காலைத் தாளமிடச் செய்தது.

பல்லாண்டு பயிற்சியால் ஓர் இசையில் தேர்ந்தவர்கள் வேற்றிசையைக் கேட்கும்போது, இது நம் இசைபோல் இல்லையே என்று ஒதுக்கிவிடுதல் எளிது. தீட்சிதர் உடன்பிறந்தார் அவ்வாறு ஒதுக்கவில்லை. இருவரும் அவ்விசையை ஏற்றனர். ஆயினும் ஏற்ற வழி வேறு வேறு.

4. ஏற்ற இரு வழிகள்

இளையவரான பாலுசாமி கருவியை ஏற்றார். ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடம் அவர் மூன்று ஆண்டுகள் வயலின் பயின்றார் என்று குடும்ப வரலாறு கூறுகிறது. பின்னர் அக்கருவியில் கருநாடக இசையை வாசிக்க முயன்று வெற்றி கண்டார். இதனை எளிய மாற்றம் என்று எண்ணுதல் கூடாது. ஐரோப்பியர் வயலினை மோவாயின் கீழ் பொருத்தி வாசிப்பர். நம் கலைஞர் தரையில் அமர்ந்து, கருவியின் ஒரு முனையைத் தோளருகிலும் மறுமுனையைக் காலிலும் தாங்கி வாசிக்கின்றனர். இதனால் இடக்கை கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டு, தந்தியின் மீது தடையின்றி வழுக்கிச் செல்கிறது, கமகம் பிறக்கிறது. தந்திகளும் ச, ப, ச, ப என்னும் முறையில் நம் இசைக்கு ஏற்பச் சுருதி சேர்க்கப்படுகின்றன. கருவி அதுவே, அமரும் முறையும் சுருதியும் விரலின் நடையும் மாறின.

மூத்தவரான முத்துசாமி மெட்டுகளை ஏற்றார். தாம் கேட்ட ஐரோப்பிய மெட்டுகள் சிலவற்றை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றிற்கு வடமொழியில் இறைவழிபாட்டுப் பாடல்களை எழுதினார். சுமார் 40 உள்ள இப்பாடல்கள் 'நோட்டுஸ்வர சாகித்தியங்கள்' எனப்படுகின்றன. ஐரோப்பியரின் 'மேஜர்' சுரவரிசை நம் சங்கராபரணத்தின் சுரவரிசையோடு ஒத்திருப்பதால், இவை அனைத்தும் சங்கராபரண வரிசையிலேயே அமைந்தன. ஆயினும் சங்கராபரண இராகத்திற்கு உரிய கமகங்களை அவர் இவற்றில் புகுத்தவில்லை.

இவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' என்னும் பாடல் இங்கிலாந்து நாட்டுப்பண்ணின் மெட்டில் அமைந்தது. மதுரை மீனாட்சியைப் போற்றும் 'வந்தே மீனாட்சி' என்னும் பாடலின் மெட்டு, 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்னும் அயர்லாந்து ஆட்ட மெட்டு என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். மாலோ என்பது அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் உள்ள ஒரு நகரம். 'ஜகதீச குருகுஹ' என்னும் பாடல் 'லார்டு மக்டோனால்டு ரீல்' என்னும் ஸ்காட்லாந்து மெட்டில் அமைந்தது என்பர். மாலோ நகரின் உல்லாச இளைஞரைப் பற்றிய ஆட்ட மெட்டு, வைகைக்கரை அன்னையின் வழிபாட்டுப் பாடலாயிற்று!

இதனால் முத்துசாமி தீட்சிதரின் சொந்த இசை குறைவுற்றதா? இல்லை. நானூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகளை இயற்றிய அவர், இராகத்தின் ஆழத்தை நிதானமான நடையில் காட்டுவதில் ஒப்பற்றவராக விளங்கினார். நோட்டுஸ்வரங்களை விளையாட்டான மெட்டுகளாகவே வைத்துக்கொண்டார். கீர்த்தனைகளை மரபின் முழு ஆழத்தோடு படைத்தார். தம் இசையில் உறுதியாக நின்றமையால்தான், வேற்றிசையை அச்சமின்றி ஏற்க அவரால் இயன்றது. இன்று இசை கற்கும் சிறுவர்க்கு ஆசிரியர் பலர் நோட்டுஸ்வரங்களைத் தொடக்கப் பாடமாகக் கற்பிக்கின்றனர்.

பாலுசாமி எட்டயபுரம் அரசவைக் கலைஞரானார். முத்துசாமி 1835ஆம் ஆண்டில் எட்டயபுரத்திலேயே மறைந்தார். அவருடைய மாணாக்கருள் ஒருவரான தஞ்சை வடிவேலு வயலினைக் கேரளத்திற்குக் கொண்டு சென்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருடைய திறமையைப் பாராட்டி, 1834ஆம் ஆண்டில் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசை மேடையைக் காண்பது அரிது.

5. வாசித்தவரும் எழுதியவரும்

மெட்டுகள் பரவிய வரலாறு இது. அவை அழியாமல் காக்கப்பட்ட வரலாறு வேறு. அதனைக் காண அயர்லாந்துக்குச் செல்ல வேண்டும்.

அயர்லாந்தில் ஹார்ப் வாசிப்போர் குறைந்துவந்த காலத்தில், 1792ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஹார்ப் கலைஞர் கூட்டம் ஒன்று நடந்தது. அயர்லாந்துக் கலைஞர் பதின்மரும் வேல்ஸ் கலைஞர் ஒருவரும் வந்திருந்தனர். அவர்கள் வாசிப்பதை எழுதிக்கொள்ள எட்வர்டு பன்டிங் என்னும் 19 வயது இளைஞர் அமர்த்தப்பட்டார். அவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவந்தவர். ஐரோப்பியச் செவ்வியல் இசையில் பயிற்சி பெற்றவர். பழைய மெட்டுகளில் ஒரு சுரத்தையும் கூட்டாமல் எழுத வேண்டும் என்று அவருக்கு அறிவுறுத்தப்பட்டது. அப்பணி அவருடைய வாழ்நாள் பணியாகவே மாறியது. 1796ஆம் ஆண்டில் முதல் தொகுதியை வெளியிட்டபோது, மெட்டுகளைப் பியானோவுக்கு ஏற்றவாறு அமைத்துத் தந்தார்.

அக்கூட்டத்திற்கு வந்தவருள் டெனிஸ் ஹெம்ப்சன் என்பவர் தொண்ணூறு வயதைக் கடந்தவர், பார்வையற்றவர். உலோகத் தந்திகளை நீண்ட நகங்களால் மீட்டும் பழைய முறையில் வாசித்தவர் அங்கே அவர் ஒருவரே. அவர் வாசித்த மெட்டுகளைப் பன்டிங் எழுதிக்கொண்டார். ஆனால் நகத்தால் மீட்டும் அம்முறையைக் கற்று வளர்க்க மாணாக்கர் அமையவில்லை. 1807ஆம் ஆண்டில் ஹெம்ப்சன் மறைந்தார். 19ஆம் நூற்றாண்டில் அவ்வாசிப்பு மரபு அற்றுப்போயிற்று. மெட்டு ஏட்டில் தங்கியது. மீட்டும் கை தங்கவில்லை.

தமிழருக்கும் இத்தகைய இழப்பு உண்டு. யாழின் வகைகளையும் உறுப்புகளையும் பண்டை நூல்கள் விளக்குகின்றன. விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் 'யாழ்நூல்' என்னும் பெருநூலை வெளியிட்டார். ஆயினும் பாணர் யாழை மீட்டிய முறையை ஆசிரியரிடமிருந்து மாணவர் கேட்டுக் கற்கும் மரபு எப்போதோ அறுந்துவிட்டது.

இனி, ஊரை விட்டுச் சென்றோர் செய்த பணியைக் காண்போம். 1845ஆம் ஆண்டில் தொடங்கி 1852 வரை அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. சுமார் பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். பலர் அமெரிக்க நகரங்களில் குடியேறினர். பஞ்சக் காலத்தில் 1848ஆம் ஆண்டு கார்க் மாவட்டத்தில் பிறந்த பிரான்சிஸ் ஓநீல், பதினாறு வயதில் கப்பலேறினார். பின்னர்ச் சிகாகோவில் காவல்துறையில் சேர்ந்து, 1901ஆம் ஆண்டில் அத்துறையின் தலைவரானார். இளமையில் ஊரில் கேட்ட மெட்டுகள் அவர் நினைவில் அழியாமல் இருந்தன. சிகாகோவில் வாழ்ந்த அயர்லாந்து மக்களைத் தேடிச் சென்று, அவர்கள் அறிந்த மெட்டுகளையும் திரட்டினார்.

ஆனால் ஓநீலுக்கு இசைக்குறியீடு எழுதத் தெரியாது. அதே காவல்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஓநீல் என்னும் ஃபிடில் கலைஞருக்கு அது தெரியும். ஒருவர் மெட்டை இசைத்துக் காட்ட, மற்றவர் கேட்டு எழுதினார். இவ்விருவரின் உழைப்பால், 1850 மெட்டுகள் அடங்கிய 'அயர்லாந்தின் இசை' என்னும் தொகுப்பு 1903ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாய்நாட்டில் மறக்கப்பட்டுவந்த மெட்டுகள், புலம்பெயர்ந்தோர் கையால் மீண்டும் தாய்நாடு சென்றன.

அடுத்த ஆண்டே, 1904ஆம் ஆண்டில், எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருந்தொகுப்பு வெளியாயிற்று. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் தந்த அந்நூலை எழுதியவர், பாலுசாமியின் மகள்வயிற்றுப் பேரரும் அவர்தம் வளர்ப்பு மகனுமான சுப்பராம தீட்சிதர். குடும்பச் செல்வமாகக் காக்கப்பட்ட இசையை அச்சில் ஏற்ற அவரைத் தூண்டியவருள் முதன்மையானவர் சின்னசாமி முதலியார் என்னும் தமிழ்க் கிறித்தவர். நம் இசையை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி 1893ஆம் ஆண்டிலேயே நூல் வெளியிட்டவர் அவர். ஒருவர் இசையை அறிந்தவர். மற்றவர் அதனை எழுதிக் காக்கும் தேவையை உணர்ந்தவர். சிகாகோவிலும் எட்டயபுரத்திலும், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே வகையான பணி நடந்தது.

6. இன்றைய இணைகள்

எழுதிவைத்த மெட்டை உயிர்ப்பிக்கக் கலைஞர் வேண்டும். ஸ்காட்லாந்தில் பிறந்த ஃபிடில் கலைஞர் அலஸ்டர் ஃபிரேசரும், அமெரிக்கச் செல்லோ கலைஞர் நடாலி ஹாஸும் இணைந்து வாசித்துவருகின்றனர். ஹாஸ், நியூயார்க்கின் புகழ்பெற்ற ஜூலியார்டு இசைப்பள்ளியில் செவ்வியல் இசை பயின்றவர். 2004ஆம் ஆண்டில் இவர்களின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. நீல் கௌ உடன்பிறந்தார் காலத்தில் ஓங்கியிருந்த ஃபிடில், செல்லோ இணையை இவர்கள் மீண்டும் மேடையேற்றினர். செவ்வியல் இசை பயின்றவர் ஆட்ட மெட்டுக்கு வரும்போது புதிதாகக் கற்க வேண்டியவை பல. ஏட்டில் உள்ள சுரத்தைப் பிழையின்றி வாசித்தால் மட்டும் போதாது. ஆடுவோரின் கால் எங்கே மேலெழும், எங்கே தரையைத் தொடும் என்பதை வில் உணர வேண்டும். அதற்குத் தாளைப் பார்ப்பதினும் பிறர் வாசிப்பதைக் கூர்ந்து கேட்பதே வழி.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வாழும் தமிழ் இசையமைப்பாளர் கண்ணிக்ஸ் கண்ணிகேஸ்வரன் நோட்டுஸ்வரங்களை ஆராய்ந்தவர். அவருடைய மகள் விதிதா பாட, கெல்டிக் இசைக்கருவிகளின் துணையுடன் அப்பாடல்களை ஒலிப்பதிவாக வெளியிட்டார். அயர்லாந்திலிருந்து சென்னைக் கோட்டைக்கு வந்த மெட்டு, வடமொழிச் சொல் அணிந்து, தமிழ்க் குடும்பம் ஒன்றுடன் அமெரிக்கா சென்று, மீண்டும் அயர்லாந்துக் கருவிகளைச் சந்தித்தது.

7. மொழிக்கும் இதுவே வழி

மெட்டுக்கு நேர்ந்தது மொழிக்கும் நேரும். மான் தீவின் கெல்டிக் மொழியான மாங்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் நெட் மட்ரல், 1974ஆம் ஆண்டில் மறைந்தார். அம்மொழியின் நூல்கள் இருந்தன. வீட்டில் பேசுவோர் இல்லை. ஆயினும், ஆர்வலர் சிலர் மட்ரல் முதலிய முதியோரிடம் சென்று பேசிப் பழகியிருந்தனர். அவர்கள் குரலைப் பதிவும் செய்திருந்தனர். அதனால் அம்மொழி முற்றிலும் மறையவில்லை. இன்று அத்தீவில் மாங்ஸ் மொழி வழியே கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஒன்று இயங்குகிறது.

மட்டாஞ்சேரியில் வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் கேட்கிறது. பிறமொழி கற்பதால் தாய்மொழி தேயும் என்று அஞ்சுவோர் உண்டு. தீட்சிதர் உடன்பிறந்தாரின் வாழ்வு அவ்வச்சத்தைப் போக்குகிறது. அவர்கள் பிறரிடம் கற்றமையால் எதனையும் இழக்கவில்லை. ஹெம்ப்சனின் கலை அற்றுப்போனது, அவர் வேற்றிசை கற்றதால் அன்று. அவரிடம் கற்க ஒருவரும் இல்லாததால்.

ஆகவே மொழியைக் காப்பதில் ஏட்டுக்கு ஒரு பங்கு உண்டு. பேச்சுக்கு ஒரு பங்கு உண்டு. பாட்டி பாடும் தாலாட்டை எழுதிவைத்தல் நன்று. அதனைப் பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் குரல் எங்கே இழைகிறது, எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பாடக் கற்றல் அதனினும் நன்று. முன்னதைப் பின்னர் வரும் ஆய்வாளரும் செய்ய இயலும். பின்னதை அவ்வீட்டுக் குழந்தை மட்டுமே, அவர் வாழும் காலத்தில் மட்டுமே செய்ய இயலும்.

சொல்லும் பொருளும்

செவிமடுத்தல் – கூர்ந்து கேட்டல்
மெட்டு – பாடலின் இசையமைப்பு
நடை – தாளத்தின் ஓட்டம்
கமகம் – சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடும் அழகு
துருத்தி – காற்றை ஊதும் தோற்பை
மோவாய் – முகவாய்
சாகித்தியம் – இசைப்பாடலின் சொற்பகுதி
பாணர் – யாழ் மீட்டிப் பாடிய பண்டைக் கலைஞர்

தெரிந்து தெளிவோம்

'ஆகிய', 'முதலிய' என்னும் சொற்களின் வேறுபாட்டை அறிக. கூறக் கருதிய அனைத்தையும் கூறி முடித்தபின் 'ஆகிய' என்று எழுதுதல் வேண்டும். (எ.கா.) முத்துசாமி, பாலுசாமி ஆகிய இருவரும் கோட்டை இசையைக் கேட்டனர். சிலவற்றை மட்டும் கூறி ஏனையவற்றைக் கூறாது விடும்போது 'முதலிய' என்று எழுதுதல் வேண்டும். (எ.கா.) ஃபிடில், குழல், போரான் முதலிய கருவிகள் இசைக்கப்படும்.

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. சவிட்டு நாடகத்தைப் பயிற்றும் ஆசிரியர் __________ எனப்படுவார்.
2. மும்மூன்றாகச் சுழலும் நடை உடைய ஆட்ட மெட்டு __________.
3. நோட்டுஸ்வரங்கள் __________ சுரவரிசையில் அமைந்தவை.
4. 'யாழ்நூல்' வெளிவந்த ஆண்டு __________.

ஆ. பொருத்துக.

1. எட்வர்டு பன்டிங் – தந்த வயலின்
2. வடிவேலு – சிகாகோ
3. பிரான்சிஸ் ஓநீல் – எட்டயபுரம்
4. சுப்பராம தீட்சிதர் – பெல்ஃபாஸ்ட்

இ. குறுவினா

1. வயலின், ஃபிடில் என்னும் பெயர்கள் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. நம் கலைஞர் அமர்ந்து வயலின் வாசிப்பதால் விளையும் நன்மை யாது?
3. பன்டிங்குக்கு அறிவுறுத்தப்பட்டது யாது?

ஈ. சிறுவினா

1. ஐரோப்பிய இசையைத் தீட்சிதர் உடன்பிறந்தார் ஏற்ற இரு வழிகளை விளக்குக.
2. சிகாகோவிலும் எட்டயபுரத்திலும் நடந்த பணிகளை ஒப்பிடுக.

உ. நெடுவினா

'மெட்டு ஏட்டில் தங்கியது. மீட்டும் கை தங்கவில்லை' – இத்தொடரை ஹெம்ப்சன், யாழ், மாங்ஸ் மொழி ஆகிய மூன்றின் துணைகொண்டு விளக்குக.

ஊ. கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரிடம் தாலாட்டு, கும்மி, நடவுப்பாட்டு ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டு எழுதுக. அவர் எந்த ஊரில், யாரிடம் அதைக் கற்றார் என்பதையும் குறிக்க. பின்னர் அதனைப் பார்க்காமல் பாடக் கற்று வகுப்பில் பாடுக.
2. தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோல் வழங்கும் சொற்கள் பத்தினைத் தொகுத்து, அவற்றுள் பொருள் வேறுபடுவன எவை என ஆசிரியருடன் கலந்துரையாடுக.